தபாற்கந்தோர் அப்பா

ரவீந்திரனுக்கு எதையும் கொட்ட மனம் வராது. மிஞ்சிய சோற்றைத் தோசை மாவோடு சேர்த்து அரைப்பான். கொத்தமல்லித் தண்டைச் சம்பலுக்குள் போட்டு அடிப்பான். பற்பசை முடிந்துவிட்டால் குழாயைக் கத்தரிக்கோலால் வெட்டி, உள்ளே ஒட்டியிருப்பதை வைத்து இன்னும் மூன்று நாள் பல் துலக்குவான். கஞ்சன் என்று சொன்னால் பாவம். வீட்டுக்கு வருகிறவர்களுக்கு அள்ளிப் போடுகிற கை அது. கொட்டுவதுதான் ஆகாது. "உவரை விட்டால் குப்பை வாளியையும் கழுவிக் கறி வைப்பார்" என்று அவன் மனைவி ஜெயகுமாரி வருகிற சனத்துக்கெல்லாம் சொல்லிச் சிரிப்பாள்.

ஆகவே முதியோர் இல்லச் சமையலறையில் அவனோடு பதினாறு வருடம் வேலை செய்த ஊட்வார் என்ற நோர்வேக்காரர், ஓய்வு பெற்று வடக்கே மகளோடு இருக்கப் போனபோது, தன் பியர் காய்ச்சும் சாமான்களை யாரிடம் தள்ளுவது என்று இரண்டு தரம் யோசிக்கவில்லை. முப்பது லீற்றர் வாளி ஒன்று, அதன் மூடியில் செருகுகிற வளைந்த குழாய், ஒரு வெப்பமானி, அரைச் சாக்கு முளைகட்டிக் காயவைத்த பார்லி, கறுக்க வறுத்த பார்லி இரண்டு கை, கசப்புக்குப் போடுகிற ஹொப்ஸ் பூ, வாய் பிரித்துக் கிளிப் போட்டு வைத்த பைக்கற் இரண்டு, கொஞ்சம் ஈஸ்ற். எல்லாமே மிச்சம். "மிச்சத்தில் காய்ச்சுகிற பியருக்குத்தான் ருசி" என்று சொல்லிவிட்டுப் போனார் அந்த மனிதர். இந்த நாட்டில் வீட்டில் பியர் காய்ச்சுவதில் குற்றமில்லை. சாராயம் வடித்தால்தான் பொலிஸ் வரும்.

ஜனவரி கடைசி. வெளியே சுழியத்துக்குக் கீழே பதினான்கு. ஒரு சனிக்கிழமை ஜெயகுமாரி வேலைக்குப் போனதும், ஒஸ்லோவின் ஸ்டோவ்னர் பகுதியில் ஒன்பதாம் மாடியில் இருக்கும் தன் வீட்டுக் குசினியில் ரவீந்திரன் இருக்கிற பானைகளிலேயே பெரிய பானையை அடுப்பில் ஏற்றினான். பார்லியை அளவான சூட்டில் ஒரு மணி நேரம் ஊறவைத்து, பழைய வேட்டித் துணியில் வடித்து, வடித்த தண்ணீரை ஹொப்ஸ் போட்டு இன்னொரு மணி நேரம் கொதிக்க வைக்க வேண்டும். வடித்ததை நாக்கில் வைத்துப் பார்த்தான். இனிப்புப் போதாது. சாக்கு எத்தனை வருடத்துச் சாக்கோ. அலுமாரியைத் திறந்தால் தைப்பொங்கலுக்கு வாங்கி மிஞ்சிய சர்க்கரைக் கட்டி கல்லாய் இறுகிக் கிடந்தது. அதை உடைத்துப் போட்டான். நத்தாருக்கு வாங்கிய இஞ்சி பிஸ்கற்றும் அரை டப்பா கிடந்தது. அதையும் விடவில்லை. பிறகு பானையைத் தூக்கிக்கொண்டு போய் பல்கனிப் பனிக்குள் புதைத்து ஆறவிட்டான். குளிர்காலம் மனிதனுக்குச் செய்கிற ஒரே உபகாரம் அதுதான்.

ஆறியதும் வாளிக்குள் ஊற்றி, ஈஸ்ற்றைத் தூவி மூடினான். வைக்க இடம்? குளியலறை நிலத்துக்கு அடியில் ஹீற்றர் ஓடுகிறது, சுடும். பல்கனியில் உறைந்து போகும். கடைசியில் சாமான் அறைக்குள், சப்பாத்துகளுக்கும் சூட்கேசுகளுக்கும் நடுவில் வைத்து, மகள் நிரோஜா சின்னப் பிள்ளையாக இருந்தபோது போட்ட பனி உடுப்பைச் சுற்றிக் கட்டினான். வேலையால் வந்த ஜெயகுமாரி அதைப் பார்த்துவிட்டு, "நான் பிள்ளைத்தாச்சியா இருக்கேக்கை கூட நீங்கள் என்னை இப்பிடிப் பாக்கேல்லை" என்றாள்.

மூன்றாம் நாள் வாளி உயிர் பெற்றுவிட்டது. குழாயில் குமிழி குமிழியாக வந்தது. உள்ளே இரைகிற சத்தம் அறைக்கு வெளியே கேட்டது. எக்காரணம் கொண்டும் திறக்காதே என்று ஊட்வார் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். சொன்னால் கேட்கிற பிறவியா? ரவீந்திரன் மூடியின் ஒரு பக்கத்தைக் கிளப்பினான். மணம் முகத்தில் அடித்தது.

அது பியர் மணம் இல்லை. சர்க்கரையைப் போட்டது பிழையாய்ப் போயிற்று. நுரையும் புளிப்பும் இனிப்புமாக வந்தது கள்ளு மணம். அவனுடைய அப்பா தினமும் மத்தியானம் வீட்டுக்குக் கொண்டுவந்த மணம். ரவீந்திரன் சப்பாத்துப் பெட்டியின் மேல் இருந்துவிட்டான். இருந்தவனுக்கு எழும்ப மனம் வரவில்லை.

அவன் ஊருக்கெல்லாம் மறைத்ததை வாசிக்கிறவர்களுக்கு மறைத்து என்ன ஆகப்போகிறது. அவன் அப்பா செல்லன், வடமராட்சிப் பக்கத்து ஊர் ஒன்றில் பனை ஏறிக் கள்ளுச் சீவியவர். காலையும் மாலையும் முப்பது மரம். அவர் இறக்கிய கள்ளை ஆசையாக வாங்கிக் குடித்த பெரிய மனிதர்கள் அவரைப் படலைக்குள் விட்டதில்லை. தேத்தண்ணீரைச் சிரட்டையில் ஊற்றி வேலிக்கு வெளியே நீட்டினார்கள். மூத்த மகன் இராசையா பதினைந்து வயதில் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுத் தகப்பனோடு மரம் ஏறினார். தம்பியாவது படிக்கட்டும் என்று.

தம்பி படித்தான். பதினொரு வயதில் ஒரு நாள், பள்ளிக்கூடத்துப் பெடியளோடு றோட்டில் வந்துகொண்டிருந்தான். இடுப்பில் கள்ளுமுட்டியோடு எதிரே வந்த அப்பா "தம்பி!" என்று கூப்பிட்டார். ரவீந்திரன் திரும்பவில்லை. வேறு யாரையோ கூப்பிடுகிறார் என்பதுபோல நடந்தான். வீட்டில் அப்பா அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அவர் றோட்டில் அவனைக் கூப்பிட்டதும் இல்லை. அன்றைக்கு அது அவனுக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை நினைத்தால் ஐம்பத்தாறு வயதில் அவனுக்கு உடம்பெல்லாம் கூசும்.

எண்பத்தெட்டில், இருபது வயதில், நோர்வேயில் நாட்டார் கல்லூரி என்று சொல்கிற விடுதிப் பள்ளிக்கூடம் ஒன்றுக்கு மாணவனாக வந்து சேர்ந்தான். அங்கே எட்டுத் தமிழ்ப் பெடியன்கள். முதல் கிழமையே ஒருவன் சோற்றைக் குழைத்துக்கொண்டு கேட்டான்: "உங்கடை அப்பா என்ன செய்யிறார்?" நம்முடைய ஊரில் அது தொழிலைக் கேட்கிற கேள்வி இல்லை. கேட்கிறவனுக்கும் தெரியும், சொல்லுகிறவனுக்கும் தெரியும். ரவீந்திரன் "தபாற்கந்தோரிலை" என்றான். அவ்வளவுதான். ஒரு பொய்யைச் சொன்னால் அதற்குச் சோறு போட்டு வளர்க்க வேண்டும். முதலில் கந்தோரில் சும்மா வேலை. பிறகு கிளாக்கர். ஒஸ்லோவுக்கு வந்து பத்து வருடத்துக்குள், எப்போதோ செத்துப்போன தகப்பனுக்குப் பதவி உயர்வும் கொடுத்துத் தபால் அதிபர் ஆக்கிவிட்டான். கடதாசிகளில் தகப்பன் பெயர் செல்லையா ஆயிற்று. ஜெயகுமாரிக்கு மட்டும் கலியாணத்துக்கு முதல் உண்மையைச் சொன்னான். "அதாலை எனக்கென்ன" என்றாள் அவள், நல்ல மனுசி. ஆனால் மகளுக்குச் சொல்ல வேண்டாம், பிள்ளை எங்கேயாவது உளறிவிடும் என்று அவன் சொன்னபோது அவளும் தலையாட்டிவிட்டாள்.

அண்ணர் இராசையா தொண்ணூற்றொன்பதில் அகதியாக வந்தார். ஒஸ்லோவிலிருந்து எட்டு மணி நேர ரயில் தூரத்தில், ஸ்தவாங்கரில் விட்டார்கள். அங்கே ஒரு ஹோட்டலின் சலவைப் பகுதியில் வேலை செய்து இப்போது ஓய்விலும் இருக்கிறார். அவருடைய வீட்டுக் கதவில் செல்லன் என்றுதான் பெயர் இருக்கும். ரவீந்திரன் கோடைதோறும் குடும்பத்தோடு அங்கே போய் வருவான். அண்ணர் ஒஸ்லோவுக்கு வருகிறேன் என்றால் மட்டும் அவனுக்கு ஏதாவது ஒரு சாட்டு வாய்க்கும். வீட்டுக்குப் பெயின்ற் அடிக்கிறோம், ஜெயகுமாரிக்கு இரவு வேலை, இப்போது சரியான குளிர். நிரோஜாவின் சாமத்தியச் சடங்குக்குக்கூட, அண்ணரால் வந்து சேர முடியாதபடி நேரம் பிந்தித்தான் சொன்னான். அவர் ஒரு சங்கிலியைத் தபாலில் அனுப்பிவிட்டுப் பேசாமல் இருந்தார். அறியாத மனிதர் இல்லை.

இத்தனையும் அந்தச் சப்பாத்துப் பெட்டியில் இருந்தபடி நினைத்துவிட்டு, மனம் வெறுத்து, வாளியைத் தூக்கிக் கொட்டிவிடப் போனான். கொட்ட மனம் வரவில்லை. மூடிவிட்டு வந்தான்.

இரண்டு கிழமையில் போத்தலில் அடைத்தான். முப்பத்தெட்டுப் போத்தல். அடைத்த பெருமையை அடக்கிக்கொண்டிருக்கலாம். ஸ்டோவ்னர் சென்ரரில் கிளெமென்றைக் கண்டதும் வாய் சும்மா இருக்கவில்லை. கிளெமென்ற் திருகோணமலைக்காரன், பஸ் ஓட்டுகிறவன், முப்பது வருடக் கூட்டாளி. நல்ல மனம், ஓட்டை வாய்.

"பியரோ? வீட்டிலையோ? மச்சான், இதைச் சொல்ல இவ்வளவு நாளோ! வாற சனிக்கிழமை மத்தியானம் நிப்பன். மீன் பொரிச்சுக்கொண்டு வாறன்."

அந்தச் சனிக்கிழமைக்கு இரண்டு நாள் முந்தி அண்ணர் போன் எடுத்தார். சாட்டுச் சொல்ல இடம் வைக்கவில்லை. "தம்பி, ரிக்கற் எடுத்திட்டன். நாளைக்குப் பின்னேரம் வந்திறங்கிறன். புதன்கிழமை திரும்பிறன். பன்ரண்டு வருசமாச்சு உன்ரை வீட்டைக் கண்டு." ரவீந்திரன் உடனே கிளெமென்றுக்குப் போன் அடித்து, தனக்குக் காய்ச்சல் என்றான். "காய்ச்சலுக்குப் பியர் நல்லது" என்று சொல்லிவிட்டு அவன் வைத்துவிட்டான்.

வெள்ளிக்கிழமை அண்ணர் வந்தார். கையில் ஒரு சின்னப் பை, நிரோஜாவுக்கு ஒரு பெட்டி சொக்கலேற். வீட்டுக்குள் சப்பாத்தைக் கழற்றினால் உள்ளே இரண்டு சோடி கம்பளிக் காலுறை. அதை அவர் படுக்கும்போதும் கழற்றுவதில்லை. குளிர் என்பார். காலில் தளைநார் மாட்டிப் பனை ஏறி ஏறி அவருடைய புறங்காலில் காய்த்துப்போன இடங்கள் இருக்கின்றன என்பதும், அதைப் பிறத்தியார் பார்ப்பது அவருக்குப் பிடிக்காது என்பதும் தம்பிக்குத் தெரியும். நிரோஜா பெரியப்பாவைக் கட்டிப்பிடித்தாள். அவள் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள், இருபத்திரண்டு வயது, கேள்வி கேட்காவிட்டால் அவளுக்குச் சாப்பாடு செமிக்காது.

சனிக்கிழமை காலை அண்ணர் சாமான் அறை வாசலில் நின்று மூக்கை உறிஞ்சினார்.

"என்னடா தம்பி இது?"

"பியர் அண்ணை. சர்க்கரை போட்டனான்."

"பியரோ," என்று சொல்லி ஒரு போத்தலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. மத்தியானம் கிளெமென்ற் வரப்போகிறான். நேரமில்லை. ரவீந்திரன் கதவைச் சாத்தினான்.

"அண்ணை, ஒரு விசயம். இண்டைக்கு என்ரை கூட்டாளி ஒருத்தன் வாறான். இஞ்சத்தைச் சனத்துக்கு நான்... அப்பா தபாற்கந்தோரிலை வேலை செய்தவர் எண்டு சொல்லி வச்சிருக்கிறன். நிரோஜாவுக்கும் அப்பிடித்தான்."

சொல்லிவிட்டு நிலத்தைப் பார்த்தான். அண்ணர் ஏசியிருக்கலாம். கன்னத்தில் ஒன்று கொடுத்திருக்கலாம். ரவீந்திரன் அதைச் சந்தோசமாக வாங்கியிருப்பான். அவர் போத்தலை இருந்த இடத்தில் திரும்ப வைத்தார்.

"எந்தக் கந்தோர்?" என்று கேட்டார்.

"ஆ?"

"எந்தக் கந்தோர் எண்டு சொன்னனீ? பிறகு நான் ஒண்டைச் சொல்ல நீ ஒண்டைச் சொல்லி மாறிப் போயிடும்."

"எங்கடை ஊர்க் கந்தோர்தான்."

"கிளாக்கரோ, போஸ்ற்மாஸ்ரரோ?"

"போஸ்ற்மாஸ்ரர்."

"சரி" என்றார் அண்ணர். "போஸ்ற்மாஸ்ரர்." வாய்க்குள் இன்னொரு தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டு குசினிப் பக்கம் போனார்.

மத்தியானம் ஒரு மணிக்குக் கிளெமென்ற் பொரித்த மீனோடும் பெரிய சத்தத்தோடும் வந்தான். மேசையில் ஐந்து பேர். ரவீந்திரன் போத்தலைத் திறக்க, நுரை பொங்கி மேசை விரிப்பெல்லாம் ஊற்றியது. கிளெமென்ற் கை தட்டினான். நிரோஜா ஒரு வாய் குடித்து, "புளிக்குது, ஆனா நல்லாயிருக்கு" என்றாள். அண்ணர் கிளாசை எடுத்தார். உதட்டைக் குவித்து நுரையை ஒரு பக்கமாக ஊதி ஒதுக்கினார். ஒரு மிடறு வாயில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினார். மூன்று பேரும் அவருடைய வாயைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். ரவீந்திரன் பார்க்கவில்லை.

"நல்ல சாமான்" என்றார். "ரெண்டு நாள் முந்தி இறக்கியிருக்க வேணும். புளிப்பு ஏறிப்போச்சு. சத்தம் அடங்க முதலே எடுத்திடவேணும் தம்பி."

தீர்ந்தது. காலையில் பாடம் பண்ணியது போஸ்ற்மாஸ்ரர் என்ற ஒரு சொல்லை மட்டும்தான். நாக்குக்கு யார் பாடம் சொல்லிக் கொடுத்தார்கள்? கிளெமென்ற் மேசையில் அடித்துச் சிரித்தான்.

"அண்ணை கதைக்கிறதைப் பாத்தால் இப்பத்தான் பனையாலை இறங்கி வந்தவர் மாதிரியல்லோ கிடக்கு!"

ரவீந்திரனும் சிரித்தான். எல்லாருக்கும் முதலில், எல்லாரையும் விடப் பலமாகச் சிரித்தான். சிரித்துக்கொண்டிருக்கும்போதே தன் சிரிப்பு தன் காதில் விழுந்தது. தூ என்று துப்பவேண்டும் போல இருந்தது. ஆனாலும் நிறுத்தவில்லை, நிறுத்தினால் ஏன் நிறுத்தினாய் என்று யாராவது கேட்டுவிடுவார்கள்.

"பனையாலை இறங்கிறதெண்டா என்ன மாமா?" என்று நிரோஜா கேட்டாள்.

"அது பிள்ளை, ஊரிலை கள்ளுச் சீவுற ஆக்கள் இருக்கினம்." கிளெமென்றின் குரல் கொஞ்சம் இறங்கியது. "அவை வேறை ஆக்கள். இப்ப அதெல்லாம் ஆர் பாக்கினம், விடு."

விடுகிற பிள்ளையா அவள்? பெரியப்பா பக்கம் திரும்பினாள். "பெரியப்பா, எங்கடை அப்பப்பா என்ன செய்தவர்? அப்பாட்டை கேட்டா போஸ்ற் ஒஃபிஸ் எண்டு ஒரு சொல்லோடை முடிச்சிடுவார். நீங்கள் வடிவாச் சொல்லுங்கோ."

ஜெயகுமாரி கரண்டியை வைத்துவிட்டுப் புருசனைப் பார்த்தாள். சொல்லிவிடுங்கோ என்று அந்தப் பார்வை சொன்னது. ஒரே ஒரு வசனம்தான். ரவீந்திரன் மீனில் முள் எடுத்தான். அந்தத் துண்டில் முள்ளே இல்லை.

"தபாற்கந்தோர்தான் பிள்ளை" என்றார் இராசையா. "போஸ்ற்மாஸ்ரர்."

அதோடு நிறுத்தியிருக்கலாம். பிள்ளை வடிவாகச் சொல்லச் சொல்லிக் கேட்டுவிட்டாளே. "சைக்கிளிலைதான் போவார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. ஒரு ஊத்தை பிரளாது. வழியிலை சனம் எழும்பி நிண்டு மரியாதை குடுக்குங்கள். எழுத வாசிக்கத் தெரியாத சனம் கடிதத்தைக் கொண்டு வருவினம், இருந்து பொறுமையா வாசிச்சுக் காட்டுவார். எல்லா வீட்டுக்குள்ளையும் கூப்பிட்டுக் கதிரை போட்டு இருத்துவினம். கோப்பையிலை தேத்தண்ணி குடுப்பினம்." கடைசி வசனத்தைச் சொல்லும்போது அவர் யாரையும் பார்க்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே பனி கொட்டுவதைப் பார்த்தார். செல்லனுக்குக் கையெழுத்து வைக்கத் தெரியாது. பெருவிரல்தான்.

நிரோஜா கன்னத்தில் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். கிளெமென்ற் குனிந்தபடி கிளாசை உருட்டிக்கொண்டிருந்தான். பிறகு அண்ணரின் கிளாசை நிரப்பினான். அதற்குப் பிறகு அவன் பகிடி ஒன்றும் விடவில்லை, அரை மணி நேரத்தில் எழும்பியும் போய்விட்டான்.

ஞாயிற்றுக்கிழமை விடிய அண்ணர் பையைக் கட்டிக்கொண்டு நின்றார். மகள் சோபிகா தேடுவாளாம், பூனைக்குச் சாப்பாடு வைக்க ஆளில்லையாம். புதன்கிழமை மட்டும் நிற்கவென்று வந்தவர். நில்லுங்கோ என்று ஜெயகுமாரி கையைப் பிடித்துக் கேட்டாள். ரவீந்திரனும் கேட்டான், அவன் கேட்டது அவனுக்கே நம்பும்படியாக இல்லை. அண்ணன் தம்பி இருவரும் ரீ-பானா மெற்றோவில் ஏறிப் பெரிய ஸ்ரேசனுக்குப் போனார்கள். வழியெல்லாம் அண்ணர் பனியைப் பற்றியும் சோபிகாவின் புது வேலையைப் பற்றியும் கதைத்தார். மேடையில் ரயில் வந்து நின்றபோதுதான், "நான் சொன்னது சரியா இருந்ததோ?" என்று கேட்டார்.

"ஏன் அண்ணை அப்பிடி..."

"இல்லை, கூடக் கதைச்சுப்போட்டன் போலை கிடக்கு. பிள்ளை ஆசையாக் கேட்டிட்டாள்." படியில் ஒரு காலை வைத்துவிட்டுத் திரும்பினார். "நான் வராமல் விட்டிருக்கலாம் தம்பி. உனக்குத்தான் கரைச்சல்."

கோபத்தில் சொல்லவில்லை அவர். கோபத்தில் சொல்லியிருந்தால் தாங்கிக்கொள்ளலாம். உண்மையாகவே தம்பிக்குக் கரைச்சல் கொடுத்துவிட்டதாக அந்த மனிதர் கவலைப்பட்டார். ரயில் போன பிறகு ரவீந்திரன் மேடையில் நின்றான். வெட்கம் என்றால் என்னவென்று தனக்குத் தெரியும் என்றுதான் இத்தனை வருடமாக நினைத்திருந்தான். பனை ஏறியவனின் மகன் என்பதை அல்லவா வெட்கம் என்று நினைத்தான். அது வெட்கமே இல்லை. இதுதான். எட்டு மணி நேரம் ரயிலில் தேடி வந்த அறுபத்து நான்கு வயது மனிதரை, பெற்ற தகப்பனை அவர் வாயாலேயே இல்லாமற் பண்ணுவித்து, திருப்பி அனுப்பியிருக்கிறான்.

வீட்டுக்கு வந்ததும், ஜக்கற்றைக் கூடக் கழற்றாமல், குசினியில் நின்ற மகளிடம் சொன்னான்.

"பிள்ளை, அப்பப்பா போஸ்ற்மாஸ்ரர் இல்லை. கள்ளுச் சீவினவர். பெரியப்பாவும் பதினைஞ்சு வயசிலை இருந்து மரம் ஏறினவர். நான் படிக்க வேணுமெண்டு."

நிரோஜா அவன் பக்கம் திரும்பினாள். "அப்ப நேற்று பெரியப்பா ஏன் அப்பிடிச் சொன்னவர்?"

"நான்தான் சொல்லச் சொன்னனான்."

"அப்பப்பா மரம் ஏறினது எனக்கு ஒண்டுமில்லை அப்பா. அதிலை என்ன கிடக்கு?" அவளுடைய கண் கலங்கிவிட்டது. "ஆனா பெரியப்பா... நான் இன்னும் இன்னும் கேக்க, அவர் இருந்து இருந்து... அது ஃப்ளௌட் அப்பா. சரியான ஃப்ளௌட்." வெட்கக்கேட்டுக்கு இந்த நாட்டுப் பிள்ளைகள் சொல்லுகிற சொல் அது. "கிளெமென்ற் மாமாவுக்கு நீங்கள் சொல்லவேணும். இப்பவே சொல்லவேணும். பெரியப்பா அந்தப் பொய்யோடை ரயிலிலை போகக்கூடாது."

பிள்ளை சொன்னது நியாயம். ஜெயகுமாரி தேத்தண்ணீர் போட்டு முன்னால் வைத்தாள். ரவீந்திரன் அது ஆறும்வரைக்கும் போனைக் கையில் வைத்துக்கொண்டு இருந்தான். முப்பத்தாறு வருடம் மூடி வைத்ததைத் திறப்பதென்றால் சும்மாவா. பிறகு போய்ப் படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழைத்தான்.

"கிளெமென்ற், நேற்று அண்ணை சொன்னது பொய். நான் இவ்வளவு காலமும் சொன்னதும் பொய். எங்கடை அப்பா கள்ளுச் சீவினவர். அண்ணையும் சீவினவர்." ஒரே மூச்சில் சொல்லிமுடித்தான்.

ஓட்டை வாய்க் கிளெமென்ற் கத்தப்போகிறான் என்று ரவீந்திரன் போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்தான்.

"தெரியும் மச்சான்" என்றான் கிளெமென்ற்.

"என்ன தெரியும்?"

"தொண்ணூற்றி நாலிலையே தெரியும். ட்வெய்ட்டாவிலை இருக்கிற சிவகாமியக்கா உன்ரை பக்கத்து ஊர்தானே. எல்லாருக்கும் தெரியும். நீ தபாற்கந்தோர் எண்டு சொல்லிக்கொண்டு திரிஞ்சாய், நாங்களும் ஓம் ஓம் எண்டு கேட்டுக்கொண்டிருந்தம். ஏன் உன்ரை முகத்தை முறிப்பான் எண்டு."

ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்று தெரிந்திருந்தும், மூடிவிட்டதாக நினைத்து முப்பத்தாறு வருடம் அதன் மேல் ஏறி இருந்திருக்கிறான். தகப்பனைத் தபால் அதிபர் ஆக்கியபோது எத்தனை வீட்டில் சிரித்திருப்பார்கள். அதை நினைக்கக் காது சுட்டது. ஆனால் அது இல்லை அவனைப் பிடித்துக்கொண்டது.

"அப்ப நேற்று? அண்ணை கதைக்கேக்கை?"

"ஓம்." கிளெமென்ற் தடுமாறினான். "முதல் அந்தப் பகிடி வாய் தவறி வந்திட்டுது மச்சான். பிறகு அந்த மனுசன் சைக்கிளையும் கடிதத்தையும் சொல்லச் சொல்ல எனக்கு நிமிர்ந்து பாக்கேலாமல் போச்சு. நிப்பாட்டியிருக்க வேணும். எப்பிடி நிப்பாட்டிறதெண்டு தெரியேல்லை. அதுதான் எழும்பி வந்தனான்."

ரவீந்திரன் போனை வைத்தான். எல்லாம் தெரிந்த ஒருவனுக்கு முன்னால், தெரியும் என்பது தெரியாமல், அண்ணர் வேர்த்து விறுவிறுத்துத் தகப்பனுக்கு வெள்ளை வேட்டி கட்டிவிட்டிருக்கிறார். யாருக்காக? ஒருவருக்கும் தேவைப்படாத பொய் அது. கட்டிலில் இருந்து, வாய்விட்டு அழுதான். ஜெயகுமாரி கதவைத் திறந்து பார்த்துவிட்டுத் திரும்பச் சாத்தினாள்.

அழுது முடிந்ததும் அண்ணருக்கு எடுத்தான். மன்னிப்புக் கேட்கத்தான் எடுத்தான். கிளெமென்றுக்குச் சொல்லிவிட்டேன், பிள்ளைக்கும் சொல்லிவிட்டேன், இனி நீங்கள் எப்போது வேண்டுமானாலும் இந்த வீட்டுக்குச் செல்லனின் மகனாக வரலாம் என்று சொல்லத்தான் எடுத்தான். மணி இரண்டாகிவிட்டது. ரயில் கிறிஸ்தியான்சாண்டைத் தாண்டியிருக்கும். சுரங்கத்துக்குள் போயிருக்க வேண்டும், இரண்டு தரம் அறுந்து மூன்றாம் தரம்தான் கிடைத்தது.

"தம்பி, நானே எடுக்க இருந்தனான்" என்றது அண்ணரின் குரல், இவன் வாய் திறக்க முதலே. "காலமை துவங்கி இதையேதான் யோசிச்சுக்கொண்டு வாறன். அந்தக் கிளெமென்ற் ஏதும் கேட்டவரோ? அந்தக் கோப்பைக் கதை கூடிப்போச்சு. போஸ்ற்மாஸ்ரருக்குக் கோப்பையிலை குடுப்பினம் எண்டு ஆரும் எடுத்துச் சொல்லுவினமே? குடுக்கிறது வழமைதானே. அதிலை பிடிச்சுப் போடுவாரோ எண்டு எனக்குப் பயமாக் கிடக்கு."

ரவீந்திரன் போனை மற்றக் காதுக்கு மாற்றினான்.

"தம்பி? கேக்குதே? ஒருத்தருக்கும் சந்தேகம் வரேல்லைத்தானே?"

மறுமுனையில் ரயில் தடதடத்தது.

"இல்லை அண்ணை" என்றான் ரவீந்திரன். "ஒருத்தருக்கும் தெரியாது."

"அப்ப சரி" என்று இராசையா நிம்மதியாக மூச்சு விட்டது அவனுக்கு நன்றாகக் கேட்டது.